பட்டனுக்குள் ஒரு விளக்கு

1989 ஏப்ரல் 21 அன்று ஜப்பானில் விற்பனைக்கு வந்த நின்டெண்டோவின் ‘கேம் பாய்’ கையடக்க விளையாட்டுக் கருவியில் ஒரே ஒரு விளக்குதான் இருந்தது. திரைக்கு இடப்பக்கம், மிளகளவு சிவப்புப் புள்ளி. கருவியைப் போட்டால் எரியும். பேட்டரி தீரத் தீர மங்கும். மற்றபடி அந்தச் சாம்பல் நிறப் பெட்டியில் வெளிச்சம் என்று எதுவும் கிடையாது. திரைகூட வெளியிலிருந்து விழும் ஒளியைத் திருப்பிக் காட்டுவதோடு சரி. இரவில் விளையாடுகிற பிள்ளை மேசை விளக்கின் அடியில் இடம் பிடிக்க வேண்டும்.

நின்டெண்டோ வடிவமைப்பாளர் குன்பெய் யோக்கோயின் குழு தெரிந்தே எடுத்த முடிவு அது. அதே ஆண்டு வந்த அட்டாரி லின்க்ஸும், மறு ஆண்டு வந்த சேகா கேம் கியரும் வண்ணத் திரையோடும் அதன் பின்னால் விளக்கோடும் வந்தன. ஆறு பென்சில் பேட்டரி போட்டாலும் நாலைந்து மணி நேரத்தில் அவை ஓய்ந்துவிடும். கேம் பாய் நான்கே பேட்டரியில் பத்து மணி நேரத்தைத் தாண்டி ஓடியது. அதுவும் அதன் வண்ணத் தம்பியான கேம் பாய் கலரும் சேர்ந்து 11 கோடியே 80 லட்சத்துக்கும் மேல் விற்றன. வெளிச்சத்தை விட்டுக்கொடுத்து வாங்கிய வெற்றி என்றே சொல்லலாம்.

அன்று விட்டுக்கொடுத்த வெளிச்சத்தைத்தான் இன்றைக்கு உலகெங்கும் உள்ள ஆர்வலர்கள் தங்கள் கையாலேயே திரும்பக் கொண்டுவருகிறார்கள். பழைய கேம் பாயைத் திறந்து, முதலில் திரையை மாற்றுகிறார்கள். அடுத்து பட்டன்களுக்கு அடியில் எல்.இ.டி. விளக்கு வைக்கிறார்கள். ஏ, பி பட்டன்களும் திசைப் பட்டனும் உள்ளிருந்து ஒளிர்கின்றன.

பட்டனுக்கு வெளிச்சம் தேவைதானா? விரலுக்குத் தேவையில்லை. 1982-இல் ‘டாங்கி காங்’ கேம் அண்ட் வாட்ச் கருவிக்காக யோக்கோய் உருவாக்கிய சிலுவை வடிவத் திசைப் பட்டன், கண் பாராமலே கட்டைவிரல் மேல் கீழ் இடம் வலம் அறியும்படி அமைந்தது. கும்மிருட்டிலும் அது தடுமாறாது. ஆக, இது அழகுக்கான வேலை. கோலம் போடாத வாசல் வழியாகவும் வீட்டுக்குள் போகலாம். ஆனாலும் கோலம் போடுகிறோம் அல்லவா?

வேலையின் சிக்கல் புரிய வேண்டுமானால் பட்டனுக்கு அடியில் இருப்பதைப் பார்க்க வேண்டும். டிவி ரிமோட்டைக் கழற்றித் துடைத்தவர்களுக்கு அது புதிதல்ல. மேலே பிளாஸ்டிக் பட்டன். அதற்குக் கீழே சிறு குமிழ் போல எழும்பிய ரப்பர். குமிழின் உள்ளே நடுவில் ஒரு கரிப் பொட்டு. அதற்கு நேர் கீழே சர்க்யூட் பலகையில், சீப்பும் சீப்பும் கோத்தாற்போல, ஒன்றையொன்று தொடாத இரண்டு தடங்கள். பட்டனை அழுத்தினால் குமிழ் அமுங்கும், கரிப் பொட்டு இரு தடங்களையும் இணைக்கும், மின்சாரம் பாயும். கையை எடுத்ததும் ரப்பர் தானே எழும்பிவிடும். இந்த எழுச்சிதான் விரலுக்குக் கிடைக்கும் அந்த இதமான உணர்வு.

விளக்கை எங்கே வைப்பது? நேர் கீழே வைத்தால்தான் பட்டன் சீராக ஒளிரும். ஆனால் அந்த இடம் கரிப் பொட்டுக்குச் சொந்தம். கரியோ ஒளியை ஒரு துளியும் விடாது. ஆகவே விளக்கு ஓரத்துக்கு ஒதுங்க வேண்டியிருக்கிறது. இந்த வேலைக்குப் பயன்படும் எல்.இ.டி.க்களில் ஒரு வகை 1.6 மில்லிமீட்டர் நீளமும் 0.8 மில்லிமீட்டர் அகலமும் கொண்டது. கேழ்வரகு மணிக்கு இணையான உருவம். அதைக் குமிழைச் சுற்றிய இடுக்கில் உட்கார வைக்கிறார்கள். தனித்தனியாகப் பொருத்தாமல், காகிதம் போல வளையும் மெல்லிய சர்க்யூட் தகட்டிலேயே விளக்குகளைப் பதித்து, கரிப் பொட்டுக்கு மட்டும் துளை விட்டு, ரப்பருக்கும் பலகைக்கும் நடுவே விரிப்பதும் உண்டு. ரப்பரையும் பட்டனையும் ஒளி ஊடுருவும் வகையாக மாற்ற வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

விளக்கின் உயரம் அரை மில்லிமீட்டர் கூடினாலும் ரப்பர் சமமாக உட்காராது. அழுத்தினால் பட்டன் ஒருபக்கம் சாயும், அல்லது சேற்றில் அழுத்துவதுபோல் மந்தமாகும். ஒளிர்வது எவ்வளவு அழகாக இருந்தாலும், தாவ வேண்டிய நொடியில் தாவாத பட்டனை யாரும் மன்னிப்பதில்லை. நல்ல கைவினைஞர்கள் அதிக நேரம் செலவிடுவது இந்த அரை மில்லிமீட்டரில்தான்.

நோக்கியா பட்டன் போன்களில் இதே வேலை சுலபமாக முடிந்ததற்குக் காரணம் உண்டு. அங்கே தொடக்கத்திலேயே விளக்குக்கு இடம் ஒதுக்கப்பட்டது. எண்களுக்கு அடியில் சிறு உலோகக் குமிழ், பக்கத்தில் எல்.இ.டி., மேலே ஒளி விடும் விரிப்பு. கேம் பாயிலோ பிறகு வந்த விருந்தாளிக்கு இடம் தேட வேண்டியிருக்கிறது.

அடுத்தது மின்சாரம். எல்.இ.டி.யை நேராக மின்சாரத்தில் கோக்கக் கூடாது. கிடைப்பதையெல்லாம் இழுத்துக்கொண்டு கருகிவிடும். இடையில் ஒரு ரெசிஸ்டர் காவல் நிற்க வேண்டும். கேம் பாயின் உள்ளே 5 வோல்ட் ஓடுகிறது. சிவப்பு எல்.இ.டி. ஏறக்குறைய 2 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். மீதி 3 வோல்ட். விளக்குக்கு 3 மில்லியாம்பியர் போதும் என்றால், மூன்றை 0.003-ஆல் வகுத்தால் 1000 ஓம் ரெசிஸ்டர். நீலமும் வெள்ளையும் 3 வோல்ட்டுக்குச் சற்று மேல் கேட்கும் என்பதால் அவற்றுக்குக் கணக்கு மாறும்.

நீலத்தைப் பற்றி இங்கே சொல்லாமல் போக முடியாது. சிவப்பு எல்.இ.டி.யை நிக் ஹாலோன்யாக் 1962-லேயே செய்து காட்டிவிட்டார். பிரகாசமான நீலம் ஜப்பானின் நிச்சியா நிறுவனத்தில் ஷூஜி நாகமுராவின் கையில் கைகூடியதோ 1993-இல். கேம் பாய் பிறந்து நான்கு ஆண்டுகள் கழித்து! அந்த ஆராய்ச்சிப் பாதையில் முன் நடந்த இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ இருவரோடும் சேர்த்து அவருக்கு 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது. நீலம் வந்த பிறகே அதன்மேல் பாஸ்பர் என்னும் ஒளிரும் பொருளைப் பூசி வெள்ளை எல்.இ.டி. செய்ய முடிந்தது. இன்று பழைய கேம் பாயில் பிரகாசமாக ஒளிரும் நீலப் பட்டனை, அதை வடிவமைத்தவர்கள் 1989-இல் நினைத்திருந்தாலும் வைத்திருக்க முடியாது.

பேட்டரிக் கணக்கும் உண்டு. கேம் பாய் இழுப்பது 0.7 வாட். எட்டு விளக்குகள் தலா 3 மில்லியாம்பியர் எடுத்தால் செலவு சுமார் ஐந்தில் ஒரு பங்கு கூடும், பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் நொடிக்கொரு நிறம் மாறும் டபிள்யூ.எஸ்.2812 வகை விளக்குகளின் ஆசை வேறு. ஒவ்வொன்றின் உள்ளேயும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும், அவற்றை ஆட்டுவிக்கும் ஒரு குட்டிச் சில்லும் இருக்கின்றன. முழு வெள்ளையில் ஒன்று 60 மில்லியாம்பியர் வரை இழுக்கும். எட்டு என்றால் 480. கேம் பாயின் மொத்தத் தேவையைப்போல் நான்கு மடங்கு! மங்கலாக எரியவிடுவதே பிழைக்கும் வழி. அதோடு, இவை ஒளியைக் குறைப்பதும் கூட்டுவதும் மிக வேகமாக அணைந்து அணைந்து எரிவதன் மூலம்தான். அந்தத் துடிப்பு மின்சாரத்தில் கலந்து, ஸ்பீக்கரில் மெல்லிய ரீங்காரமாகக் கேட்கக்கூடும்.

விளக்குக்கான இணைப்பைச் சுவிட்சுக்கு அப்பால் எடுக்க வேண்டும். முன்னாலேயே எடுத்தால், கருவியை அணைத்து அலமாரியில் வைத்த பின்னும் பட்டன்கள் ஒளிர்ந்துகொண்டே இருக்கும். சில நாளில் பேட்டரி காலி. இணைப்பைப் பற்றவைக்கும்போதும் கவனம் வேண்டும். முப்பது ஆண்டுகளைக் கடந்த பலகையில் சால்டரிங் அயர்னை அதிக நேரம் அழுத்தினால் செப்புத் தடம் பலகையை விட்டுப் பெயர்ந்து வந்துவிடும். பெயர்ந்த தடத்தை மயிரிழைக் கம்பியால் சரிசெய்வது விளக்கு வைப்பதைவிடப் பெரிய வேலை.

கண்ணாடி போன்ற பட்டனில் விளக்கு புள்ளியாகத் தெரிந்து உறுத்தும். பட்டனின் அடிப்புறத்தை மென்மையான உப்புத்தாளால் தேய்த்தால் ஒளி சிதறிப் பரவும். பெட்டியின் இடுக்குகளில் கசியும் ஒளியைக் கறுப்பு டேப் ஒட்டி மறைக்கிறார்கள்.

பெரிய நிறுவனங்களும் இப்போது வண்ண ஒளியைக் கையில் எடுத்திருக்கின்றன. 2023-இல் வந்த ஏசஸ் ‘ராக் அலை’, லெனோவா ‘லீஜன் கோ’ ஆகிய கையடக்க விளையாட்டுக் கருவிகள் இரண்டிலும் கட்டைவிரல் குச்சிகளைச் சுற்றி ஒளி வளையம் உண்டு. வளையம் அசைவதில்லை, அதை யாரும் அழுத்துவதுமில்லை. அசைகிற பட்டனுக்குள் ஒளியைப் புகுத்தும் கடினமான வேலை இன்னும் பெரும்பாலும் மேசை விளக்கின் கீழ் குனிந்திருக்கும் தனி மனிதர்களிடமே இருக்கிறது.

வேலை முடிந்ததும் அவர்கள் திருகுகளை உடனே முடுக்கிவிடுவதில்லை. அறையை இருட்டாக்கி எல்லாப் பட்டனும் ஒரே அளவில் ஒளிர்கிறதா என்று பார்க்கிறார்கள். பிறகு டெட்ரிஸ் விளையாட்டைப் போட்டு, இடது, வலது, கீழ் என்று திசைப் பட்டனை ஒவ்வொன்றாக அழுத்துகிறார்கள். அடுத்து ஏ, அடுத்து பி. ஒரு முனையில் லேசாக மந்தம் தட்டினாலும் பெட்டி மறுபடி திறக்கிறது.