ஆற்று நீரும் மின்சக்தியும்: நெப்ராஸ்கா ராஜ்யத்தின் 1933-ம் வருஷத்துச் சட்டம்

ஆற்று நீரைத் தேக்கிப் பயிர் விளைவிக்கலாம். அதே நீரை உயரத்திலிருந்து விழச் செய்து மின்சாரமும் உண்டாக்கலாம் என்பது யாவரும் அறிந்த விஷயமே. ஆயினும் ஆறும், அணைக்கு ஏற்ற இடமும், தண்ணீருக்கு ஏங்கும் நிலமும் ஒருங்கே அமைந்திருந்தும், ஒரு பிரதேசத்துக் குடியானவர்கள் இருபது வருஷ காலம் ஒன்றும் செய்ய இயலாது காத்திருந்தனர். அவர்களுக்குக் குறைவாயிருந்தது நீருமன்று, எஞ்சினீயர்களுடைய திறமையுமன்று. கடன் வாங்கவும், வேலையை நடத்தவும், வரவு செலவுக்குப் பொறுப்பேற்கவும் உரிமை பெற்ற ஒரு ஸ்தாபனமே. அமெரிக்க ஐக்கிய நாட்டின் நடுவிலுள்ள நெப்ராஸ்கா ராஜ்யத்தில் அக்குறை எவ்வாறு நீங்கிற்று என்பதை இங்கு விளக்குவோம்.

நிலமும் ஆறும்

நெப்ராஸ்கா பரந்த சமவெளி. அதன் ஊடே பிளாட் ஆறு மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகிறது. ராக்கி மலைகளில் உருகும் பனியே இவ்வாற்றிற்கு முக்கிய ஆதாரம். ஆற்றின் தென்புறத்திலுள்ள காஸ்பர், பெல்ப்ஸ், கியர்னி என்னும் மூன்று கவுண்டிகளில் மண் வளமானது. ஆனால் மழை நிலையானதன்று. ஒரு வருஷம் நன்றாய் விளையும். மறு வருஷம் கருகிவிடும். 1913-ம் வருஷம் முதற்கொண்டே, ஹோல்ட்ரெஜ் நகரத்துத் தானிய வியாபாரி மெக்கானகி என்பவரும், மிண்டன் நகரத்துக் கிங்ஸ்லி என்பவரும், பிளாட் ஆற்று நீரை இம்மூன்று கவுண்டிகளுக்கும் கொண்டுவர வேண்டுமென்று இடைவிடாது முயன்று வந்தனர்.

ஆனால் பாசனத்தை மட்டும் நம்பிப் பெரிய அணை கட்டுவது கடினமாயிருந்தது. நல்ல மழை பெய்த வருஷத்தில் குடியானவர் கால்வாய் நீரை விலை கொடுத்து வாங்க விரும்பார். மழை பொய்த்த வருஷத்திலோ அவர் கையில் பணம் இராது. இத்தகைய வருமானத்தை நம்பி எவர் கடன் கொடுப்பர்? மின்சாரம் அப்படிப்பட்டதன்று. அதற்கு வருஷம் முழுவதும் தேவை உண்டு; மாதந்தோறும் வருமானம் வரும். எனவே, நீரைக் கால்வாய்க்கு விடும் வழியில் மின்சார நிலையம் ஒன்றை அமைத்து, அதன் வருமானத்தைக் கொண்டு அணைக் கடனைத் தீர்க்கலாம் என்ற யோசனை வலுப்பெற்றது. சக்கரத்தைச் சுழற்றிய நீர் அழிந்து போவதில்லை. அது மேலும் ஓடி வயலுக்கே சென்று சேரும்.

சட்டத்தின் அம்சங்கள்

1933-ம் வருஷத்தில் நெப்ராஸ்கா சட்டசபை, பொது மின்சார மண்டலங்களையும் பாசன மண்டலங்களையும் ஏற்படுத்துவதற்கு அதிகாரமளிக்கும் சட்டமொன்றை இயற்றிற்று. அதன் முக்கிய அம்சங்களாவன:

முதலாவது, ஒரு பிரதேசத்து வாக்காளரில் குறிப்பிட்ட பங்கினர் கையொப்பமிட்டு மனுச் செய்து கொண்டால், அப்பிரதேசம் ஒரு மண்டலமாக அமையலாம். மின்சாரம், பாசனம் ஆகிய இரண்டையும் ஒரே மண்டலம் மேற்கொள்ளலாம்.

இரண்டாவது, மண்டலத்தின் நிர்வாக சபையை மக்களே தேர்ந்தெடுப்பர். லாபம் பெறும் பங்குதாரர் எவரும் இல்லை.

மூன்றாவது, மண்டலம் வரி விதிக்க முடியாது. மின்சாரமும் நீரும் விற்று வரும் வருமானத்தை ஈடாக வைத்துக் கடன் பத்திரங்களை வெளியிடலாம். கடன் அடைபடாது போனாலும் குடியானவருடைய நிலத்தின் மீது வரிச்சுமை ஏறாது.

நான்காவது, வேலைக்கு அவசியமான நிலத்தை நஷ்டஈடு கொடுத்து எடுத்துக்கொள்ளலாம்.

இவற்றுள் மூன்றாவது அம்சமே சட்டத்தின் உயிர்நாடி. கடும் வறட்சியாலும் விலை வீழ்ச்சியாலும் நொந்திருந்த குடியானவர்கள் புதிய வரி எதற்கும் இசைந்திருக்க மாட்டார்கள். அதே வருஷத்தில் சமஷ்டி சர்க்கார் ஏற்படுத்திய பொது வேலைகள் நிர்வாகம், செலவில் ஒரு பகுதியை நன்கொடையாகவும் மீதியைக் கடனாகவும் அளிக்க முன்வந்தது. பணத்தைப் பெற்றுக்கொள்ளும் உரிமையுள்ள ஸ்தாபனத்தைச் சட்டம் தயாராக வைத்திருந்தது. நெப்ராஸ்காவின் பிரதிநிதியாக ஐக்கிய நாட்டு செனட் சபையில் அங்கம் வகித்த ஜார்ஜ் நாரிஸ் என்பவரும் இம்முயற்சிகளுக்குப் பேராதரவு அளித்தார்.

கண்ட பலன்

மூன்று பெரிய மண்டலங்கள் தோன்றின. லூப் ஆற்று மண்டலம் சுமார் 35 மைல் நீளமுள்ள கால்வாய் வெட்டி 1937-ல் மின்சார உற்பத்தியைத் தொடங்கிற்று. பிளாட் பள்ளத்தாக்கு மண்டலம் சதர்லண்டு நீர்த்தேக்கத்தை அமைத்தது. மத்திய நெப்ராஸ்கா மண்டலம் ஓகல்லாலா நகரின் அருகே வட பிளாட் ஆற்றின் குறுக்கே சுமார் 162 அடி உயரமும் 3 மைல் நீளமும் உள்ள மண் அணையை 1941-ல் கட்டி முடித்தது. அணைக்குக் கிங்ஸ்லியின் பெயரும், அதனால் உண்டான ஏரிக்கு மெக்கானகியின் பெயரும் சூட்டப்பட்டன. அவ்வேரி ஏறக்குறைய 17 லட்சம் ஏக்கர் அடி நீர் கொள்ளும்; அதாவது 17 லட்சம் ஏக்கர் பரப்பில் ஓரடி ஆழம் நிற்கக்கூடிய நீர். கால்வாய்களிலிருந்து கசிந்த நீர் நிலத்தடியில் தங்கி அக்கவுண்டிகளின் கிணறுகளிலும் நீர்மட்டத்தை உயர்த்தியது, எதிர்பாராத ஒரு லாபம்.

நேர்ந்த இடையூறுகள்

ஆயினும் சட்டம் ஒன்றினால் எல்லாம் கைகூடிவிடவில்லை. மின்சாரம் உண்டாக்கிய மண்டலங்களுக்கு அதை விற்க இடம் போதவில்லை. நகரங்களின் மின்சாரக் கம்பிகள் தனியார் கம்பெனிகளின் வசம் இருந்தன. அக்கம்பெனிகளை விலைக்கு வாங்குவதற்கென்றே 1939-ல் மற்றொரு பொது மண்டலம் அமைக்கப்பட்டது. ஒமாஹா நகரத்துக் கம்பெனி 1946-ல் பொது உடைமையாயிற்று. இன்று ஐக்கிய நாட்டில் மின்சார விநியோகம் முழுவதும் பொது ஸ்தாபனங்களின் கையில் உள்ள ராஜ்யம் நெப்ராஸ்கா ஒன்றேயாம்.

இதனினும் பெரிய இடையூறு நீரின் உரிமை பற்றியது. பிளாட் ஆற்று வடிநிலத்து நீரை அவ்வடிநிலத்திற்கு வெளியே கொண்டு செல்லலாகாது என்று ராஜ்யத்தின் உச்ச நீதிமன்றம் 1936-ல் தீர்ப்பளித்தது. நீர்ப்பிரிமேடு ஆற்றின் தென்கரைக்குச் சமீபத்திலேயே இருந்தமையால், இத்திட்டத்தை நம்பியிருந்த ஏராளமான நிலங்கள் பாசனத்தை இழந்தன. மனுவில் கையொப்பமிட ஊரூராகச் சென்றவர்களின் வயலுக்கே நீர் கிடையாமற் போயிற்று. அந்தத் தடையை அதே நீதிமன்றம் தளர்த்தியது 1980-ல்தான். அதற்குள் ஒரு தலைமுறை கடந்துவிட்டது.

அறிய வேண்டுவது

ஒரே நீர் மின்சாரத்திற்கும் பயிருக்கும் உதவும் என்பது உண்மை. ஆனால் இரண்டிற்கும் தேவையான காலம் ஒன்றன்று. மின்சாரம் குளிர்காலத்திலும் வேண்டும். பயிருக்குக் கோடையில் வேண்டும். அணையைத் திறக்கும் நாளை நிர்ணயிப்பவர் யார் என்பதே ஆகையால் முக்கியமாகிறது. நெப்ராஸ்காவில் அந்த அதிகாரம் தேர்தல் மூலம் மக்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்களிடம் விடப்பட்டது.

எனவே இத்தகைய சட்டம் எதையும் ஆராயும் குடியானவர், அணையின் உயரத்தையும் குதிரைசக்தியின் அளவையும் கேட்பதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்பது நலம். கடனுக்கு ஈடு என்ன, வருமானமா அல்லது என் நிலமா? நிர்வாகத்தை மாற்றும் உரிமை யாருக்கு உண்டு? அணை எழும்பிய பின் நீர் என் வயலுக்கு வரும் என்பதற்குச் சட்டத்தில் ஆதாரம் என்ன? முதலிரண்டிற்கும் நெப்ராஸ்கா மக்கள் முன்கூட்டியே விடை கண்டனர். மூன்றாவதை அணைவேலை தொடங்கிய பின்னரே அறிந்தனர். அதற்குரிய விலையையும் கொடுத்தனர்.