கழன்று ஓடும் சக்கரத்துக்கு யார் பொறுப்பு?

எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுக்குப் போகுமுன் லாரிக்குப் புது பெயின்ட் அடிப்பது நம் ஊர் வழக்கம். பாடி, பம்பர், ரிம், வீல் நட்டு எதுவும் மிஞ்சாது. சக்கரம் கழல்வதற்கு அந்தப் பெயின்ட்டும் ஒரு காரணமாகலாம் என்றால் பலர் நம்புவதில்லை. ரிம்மும் ஹப்பும் சேரும் முகத்தில் கனமாகப் படிந்த பெயின்ட், பாரத்தோடு ஓட ஓட நசுங்கும். அந்த அளவுக்கு நட்டின் பிடி தளரும். துருவும் மண்ணும் செய்வதும் இதைத்தான். ஒரு நட்டு தளர்ந்தால் அதன் பாரம் பக்கத்துப் போல்ட்டுகள் மேல் விழுந்து அவையும் முறியும். ஏறக்குறைய 100 கிலோ எடையுள்ள சக்கரம் தனியே உருண்டு வரும்போது, எதிரே பைக்கில் வருபவர் என்ன செய்வார்?

தடுக்கப் பெரிய செலவில்லை. பஞ்சர் பார்த்துச் சக்கரத்தை மாட்டியபின் 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் நட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும். டார்க் ரெஞ்சால், கம்பெனி சொன்ன அளவுக்கு. ஸ்பானரில் குழாயைச் செருகி ஏறி மிதித்தால் போல்ட் இழுபட்டு பலவீனமாகிவிடும். டீக்கு நிறுத்தும்போது சக்கரங்களைச் சுற்றிப் பாருங்கள். நட்டின் அடியிலிருந்து துரு கோடு கோடாக வழிந்திருந்தால் அது தளர்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.

சரக்கு வாகனத்துக்கு 8 ஆண்டு வரை 2 ஆண்டுக்கு ஒருமுறையும், பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. கட்டாயம். டயர் பட்டனின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. ஆனால் எஃப்.சி. கையில் இருக்கிறதென்று உரிமையாளர் ஒதுங்கிவிட முடியாது. சாதாரணக் கவனத்தில் தெரிந்திருக்க வேண்டிய பழுதோடு வண்டியை ஓட்டுபவரும் ஓட்ட விடுபவரும் மோட்டார் வாகனச் சட்டம் 190-ஆம் பிரிவின்படி குற்றவாளிகள். அதனால் யாருக்காவது காயமோ பொருட்சேதமோ ஏற்பட்டால் 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். உயிர் போகும் ஆபத்துக்கு இது மிகக் குறைவு என்பதே என் கருத்து.

“டயர் வெடித்தால் நாங்கள் என்ன செய்வது?” என்ற பேச்சு இழப்பீட்டு வழக்கில் எடுபடாது. ஜீப்பின் முன் டயர் வெடித்து, நடந்து சென்றவர் இறந்த வழக்கில், ஓட்டியவர் மீது கவனக்குறைவு நிரூபிக்கப்படாவிட்டாலும் இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2001-இல் கௌஷ்நுமா பேகம் வழக்கில் தீர்ப்பளித்தது.

பாதிக்கப்பட்டவர்கள் எஃப்.ஐ.ஆர். நகலையும் மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள். முறிந்த போல்ட்டுகளைப் படமெடுங்கள்: முறிந்த முகம் பாதி துருவும் பாதி பளபளப்புமாக இருந்தால் விரிசல் பழையது, அதாவது யாரோ கவனிக்காமல் விட்டது. மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில், விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மனு கொடுத்துவிடுங்கள். சிகிச்சைக்கு, விபத்து நாளிலிருந்து 7 நாள் வரை 1.5 லட்சம் ரூபாய்க்குக் கட்டணமில்லாத் திட்டம் 2025 முதல் இருக்கிறது, மருத்துவமனையில் கேளுங்கள்.

டிரைவர் அண்ணன்மார்களுக்கு ஒன்று. நட்டு சரியில்லை என்று சொல்லியும் முதலாளி “இந்த டிரிப்பை முடிச்சிட்டு வா” என்றால், வண்டியை எடுக்காதீர்கள். எடுத்தால் 190 உங்கள் மீதும் பாயும். பழுதைப் படமெடுத்து அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி வையுங்கள்.