நான்கு வல்லூறுகள்

டோடோப் பறவை மோரீசுத் தீவில் 17ஆம் நூற்றாண்டிலேயே அழிந்தொழிந்தது. அத்தீவுக்கே உரிய சிறிய வல்லூறும் அக்கதியை எய்தவிருந்தது. காடுகள் அழிந்தமையாலும் டி.டி.டி. நஞ்சாலும் அவ்வினம் குன்றி, 1974இல் காட்டில் அறியப்பட்டவை 4 பறவைகளே.

1979இல் வேல்ஸ் நாட்டு இளைஞர் கார்ல் ஜோன்ஸ் அங்குச் சென்றார். எஞ்சிய வல்லூறுகளின் கூடுகளிலிருந்தே முட்டைகளை எடுத்து, அடைகாக்கும் பெட்டியில் வைத்துப் பொரிக்கச் செய்தார். முட்டைகளை இழந்த தாய்ப்பறவை மீண்டும் முட்டையிடும் என்பதே இம்முறையின் அடிப்படை. எடுத்த முட்டை பழுதாயின் பேரிழப்பு. வாளாவிருப்பினோ இனமே அழியும். அவர் முன்னதற்குத் துணிந்தார்.

வளர்ந்த குஞ்சுகள் காட்டில் விடப்பட்டன. இன்று அங்கு நூற்றுக்கணக்கான வல்லூறுகள் பறக்கின்றன. அத்தீவின் இளஞ்சிவப்புப் புறாவும் பச்சைக்கிளியும் அழியாது பிழைத்ததிலும் அவருக்குப் பெரும்பங்குண்டு.