உங்களுக்குத் தெரியுமா? ஏழு வயதுச் சீண்டல் ஐம்பதிலும் வலிக்கும்

பிரிட்டனில் 1958 மார்ச் மாதம் ஒரே வாரத்தில் பிறந்த குழந்தைகளை ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாகப் பின்தொடர்ந்து வருகிறார்கள். 7 வயதிலும் 11 வயதிலும் அவர்களின் பெற்றோரிடம் ஒரு கேள்வி கேட்கப்பட்டது: மற்ற பிள்ளைகள் உங்கள் பிள்ளையைச் சீண்டுகிறார்களா? இல்லை, எப்போதாவது, அடிக்கடி. இவ்வளவுதான் பதில். 7,771 பேரை ஆராய்ந்த கட்டுரை 2014-இல் வெளியானது. ‘அடிக்கடி’ வகையில் இருந்தவர்கள் சுமார் 15 சதவீதம். 50 வயதிலும் அவர்களிடம் மன உளைச்சல் மற்றவர்களைவிட அதிகம். குடும்ப வசதி, பெற்றோர் வளர்ப்பு போன்றவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் இதே முடிவுதான். ‘பசங்க விளையாட்டு’ என்று தட்டிக்கழிக்கும் பெரியவர்கள் இதைக் கொஞ்சம் படிக்கலாம்!

சரி, சீண்டியவர்களைப் பழிதீர்த்தால் மனம் ஆறுமா? அமெரிக்க உளவியலாளர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு பண விளையாட்டு. எல்லோரையும் ஒத்துழைக்கச் சொல்லிவிட்டு ஒருவர் மட்டும் ஏமாற்றிப் பணத்தைச் சுருட்டுவார். சிலருக்கு அவரைத் தண்டிக்க வாய்ப்புத் தரப்பட்டது. தண்டித்தால் நிம்மதி கிடைக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நடந்ததோ தலைகீழ். தண்டித்தவர்களே பத்து நிமிடம் கழித்தும் அந்த ஆளை நினைத்துப் புழுங்கிக்கொண்டிருந்தார்கள். வாய்ப்பே கிடைக்காதவர்கள் மறந்துவிட்டு வேறு வேலையைப் பார்த்தார்கள்.

உங்கள் வீட்டுப் பிள்ளை பள்ளிக்குப் போக அடம்பிடித்தால், அதட்டும் முன் காரணத்தைக் கேளுங்கள்; அது சீண்டலாகவும் இருக்கலாம். இந்தியாவில் குழந்தைகளுக்கான இலவச உதவி எண் 1098. இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், பிள்ளைகளே பேசலாம்.