பழைய இன்னோவா வாங்கப் போறீங்களா? விலையோடு சேர்த்து இந்தச் செலவுக் கணக்கையும் போட்டுடுங்க!

அப்பாவுக்கு முழங்கால் வலி, பாட்டிக்குத் தாராளமா ஏறி இறங்கணும், கூடவே ரெண்டு வாண்டுகள். குலதெய்வம் கோயிலுக்குக் குடும்பத்தோடு போகணும்னா ஒரு காரும் ஒரு பைக்கும் தேவைப்படுது. 'பேசாம ஒரு பழைய இன்னோவா வாங்கிடலாம்' என்ற யோசனை வர்றது இந்த இடத்துலதான்.

யோசனை தப்பில்லை. 2005-ல் குவாலிஸுக்குப் பதிலா வந்து, 2016-ல் கிரிஸ்டா வரும் வரை ஓடிய முதல் தலைமுறை இன்னோவாவுக்கு 'சாகாத வண்டி'ன்னே பேர். ஆனா, சாகாத வண்டிக்கும் வைத்தியச் செலவு உண்டு. கையில் இருக்கும் மொத்தச் சேமிப்பையும் வண்டி விலைக்கே கொடுத்துட்டா, மூணாவது மாசம் மெக்கானிக் சொல்ற தொகையைக் கேட்டு நாம படுத்துடுவோம்.

டைமிங் பெல்ட்: முதல் கேள்வி இதுதான்

2.5 லிட்டர் டீசல் இன்ஜினில் இருப்பது செயின் இல்லை, ரப்பர் பெல்ட். ஒரு லட்சத்திலிருந்து ஒன்றரை லட்சம் கிலோமீட்டருக்குள் மாற்றியே ஆகணும். ஓடும்போது அறுந்தா, வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். சில ஆயிரங்களில் முடிய வேண்டிய வேலை, இன்ஜின் ஹெட்டையே பிரிக்கும் வேலையா மாறிடும். 'மாத்தியாச்சு சார்' என்று வாயால் சொன்னா போதாது, பில் கேளுங்க. பில் இல்லைன்னா, மாத்தலைன்னே எடுத்துக்கோங்க.

இன்ஜெக்டர்: சத்தமில்லாத வில்லன்

காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்குது, நிற்கும்போது உதறுது, புகை அதிகமா வருதுன்னா இன்ஜெக்டர் மேல சந்தேகப்படலாம். இதைவிட ஆபத்து, இன்ஜெக்டருக்கு அடியில் இருக்கும் சின்ன செம்பு வாஷர் லீக் ஆவது. எரிந்த வாயு உள்ளே கசிந்து, இன்ஜின் ஆயிலைத் தார் மாதிரி ஆக்கும். அந்தக் கசடு கீழே ஆயில் உறிஞ்சும் வலையை அடைக்கும். ஆயில் போகலைன்னா இன்ஜின் சீஸ் ஆகிடும். சில நூறு ரூபாய் வாஷரைக் கவனிக்காம விட்டா, இன்ஜினையே பிரிக்க வேண்டிய நிலை வரும்.

சஸ்பென்ஷன், ஏசி

ஸ்பீடு பிரேக்கரில் முன்பக்கம் 'கடகட'ன்னு சத்தம் வந்தா லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், ஷாக் அப்சார்பர் தேய்ந்திருக்கலாம். பால் ஜாயின்ட்டைத் தள்ளிப்போடவே கூடாது. அது கழன்றால் சக்கரமே சாய்ந்துவிடும். பின்சீட்டு ஏசிக்குத் தனி கூலிங் காயில் உண்டு. முன்னாடி மட்டும் ஏசி போட்டுப் பார்த்துட்டு வந்துடாதீங்க. பின்சீட்டில் பத்து நிமிஷம் உட்கார்ந்து பாருங்க.

சரி, எவ்வளவு ஆகும்?

வெளி ஒர்க்‌ஷாப்பில், கூலியோடு சேர்த்து ஒரு தோராயக் கணக்கு. ஊருக்கும் பாகத்தின் தரத்துக்கும் ஏற்ப கூடும், குறையும்.

* டைமிங் பெல்ட் செட்: ரூ.8,000 - 15,000
* நான்கு இன்ஜெக்டர் சர்வீஸ்: ரூ.24,000 - 40,000 (புதுசுன்னா இன்னும் அதிகம்)
* முன்பக்க சஸ்பென்ஷன்: ரூ.15,000 - 30,000
* கிளட்ச் செட்: ரூ.12,000 - 20,000
* நான்கு டயர்: ரூ.24,000 - 28,000
* ஏசி வேலை: ரூ.8,000 - 20,000

எல்லாம் ஒண்ணா வந்தா, குறைந்தது ரூ.91,000. அதிகபட்சம் ஒன்றரை லட்சத்தைத் தாண்டும். ஒரே வருஷத்தில் எல்லாமும் வராது. ஆனா, ரெண்டு மூணு நிச்சயம் வரும். அதனால கையில் 4 லட்சம் இருந்தா, 3 லட்சத்துக்குள் வண்டி தேடுங்க. மிச்சம் வண்டிக்கான வைத்திய நிதி!

ஆர்.சி-யைப் புரட்டிப் பாருங்க

சொந்த உபயோக கார்களுக்குப் பதிவு 15 வருஷம்தான். அதன்பிறகு எஃப்.சி காட்டி, ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கணும். 15 வருஷம் தாண்டிய கார்களுக்கான புதுப்பித்தல் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. பசுமை வரி தனி. வண்டி சல்லிசா கிடைக்குதுன்னா, ஆர்.சி முடியப் போகுதான்னு முதல்ல பாருங்க.

'டெல்லி வண்டி' என்று வந்தாலும் கவனம். 10 வருஷம் தாண்டிய டீசல் வண்டிகளுக்கு எதிரா 2015-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டதிலிருந்து, அங்கிருந்து பல வண்டிகள் தெற்கே வருது. என்.ஓ.சி இல்லாம அட்வான்ஸ் கொடுக்காதீங்க.

பார்க்கப் போகும்போது நாலு விஷயம்

1. இன்ஜின் சூடாகாத நிலையில் நீங்களே ஸ்டார்ட் பண்ணுங்க. 'இப்பதான் ஒரு ரவுண்டு போயிட்டு வந்தேன்' என்றால், இன்னொரு நாள் காலையில் போங்க.

2. இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைக் கழற்றச் சொல்லுங்க. புகை குபுகுபுன்னு வந்தா, அதுதான் மெக்கானிக்குகள் சொல்ற 'பேக் கம்ப்ரஷன்'. அப்படியே திரும்பிடுங்க.

3. மீட்டரை நம்பாதீங்க. பெடல் ரப்பர் வழவழன்னு தேய்ந்து, ஸ்டீயரிங் பளபளத்து, மீட்டர் மட்டும் 90,000 காட்டுதுன்னா ஏதோ இடிக்குது. பழைய சர்வீஸ் பில்லில் இருக்கும் கிலோமீட்டரோடு ஒப்பிடுங்க.

4. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்க. சேறு கறை இருந்தா, அது வெள்ளத்தில் மூழ்கிய வண்டியாக இருக்கலாம்.

முக்கியமா, விற்பவரின் மெக்கானிக்கை நம்பாம, உங்க மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போங்க. அவருக்குக் கொடுக்கும் சில நூறு ரூபாய், உங்க ஒரு லட்சத்தைக் காப்பாத்தும். வண்டியில் ஏறப்போறது பாட்டியும் குழந்தைகளும். 'விலை படிஞ்சிடுச்சு' என்ற சந்தோஷத்தைவிட, பாதி வழியில் நிற்காம ஊர் போய்ச் சேர்றது பெருசு இல்லையா?