ரப்பர் நாட்டில் ஒரு ஹெரால்ட்

பழைய வண்டி என்றால் சத்தம் இருக்கத்தான் செய்யும் என்று சொல்கிறவர்களோடு எனக்கு எப்போதும் தர்க்கம்தான். தக்கலையிலிருந்து குலசேகரம் போகிற சாலையில் ஐம்பது வயது தாண்டிய ஒரு கார் கடகடத்துக்கொண்டு போனால், அதற்குக் காரணம் வயது என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தொடக் கூடாத இடத்தில் இரும்பு இரும்பைத் தொடுகிறது. நடுவில் இருந்த ரப்பரோ எண்ணெயோ போய்விட்டது. அந்த இடத்தைக் கண்டுபிடித்துப் போனதைத் திரும்ப வைத்தால் சத்தம் நின்றுவிடும்.

என்னிடம் இருப்பது அப்பா விட்டுப்போன ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் மார்க் 3. இங்கிலாந்தில் ட்ரயம்ப் ஹெரால்ட் என்ற பெயரில் 1959இல் வந்த கார் இது. உருவம் கொடுத்தவர் இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலோட்டி. 1961 முதல் சென்னைக்குத் தெற்கே, வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் தொழிற்சாலையில் இதைச் செய்தார்கள். 1968இல் வந்த நாலு கதவு மார்க் 3 இந்தியாவுக்கென்றே செய்த வண்டி. வேறெந்த நாட்டிலும் கிடையாது.

நாலு கதவுக் குடும்ப வண்டியை ஸ்போர்ட்ஸ் கார் கணக்கில் சேர்க்கலாமா? அடியில் படுத்துப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். 1962இல் வந்த ட்ரயம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் ஹெரால்டின் அடிப்படையில் எழுந்ததுதான். லோட்டஸ் எலான் கூட முன் சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் துண்டை ட்ரயம்பிடமிருந்துதான் எடுத்துக்கொண்டது. சோழவரத்து விமானத் தளத்தில் பந்தயம் நடந்த காலத்தில் ஹெரால்டுகளும் அதில் ஓடின. 25 அடி வட்டத்துக்குள் முழுதாகத் திரும்பிவிடும் இந்த வண்டி, தோட்டத்து ஒற்றையடிச் சாலைகளில் இன்றைக்கும் என்னைக் கைவிட்டதில்லை.

இதன் சத்தத்தைப் புரிந்துகொள்ள, இது கட்டப்பட்ட கதை தெரிய வேண்டும். ட்ரயம்பின் தாய்க் கம்பெனியான ஸ்டாண்டர்டுக்கு உடற்கூடு செய்து கொடுத்துக்கொண்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தை 1953இல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழுக் கூட்டையும் ஒரே துண்டாகச் செய்துதர ஆள் இல்லாமல் போனது. எனவே ஹெரால்டுக்குத் தனியாக ஒரு சேஸிஸ் போட்டு, அதன் மேல் உடலைப் பகுதி பகுதியாக போல்ட் வைத்து முடுக்கினார்கள். பெட்டியில் அடைத்துக் கப்பலில் அனுப்பி வேறு நாட்டில் பூட்டுவதற்கும் அது வசதியாக இருந்தது. சென்னைக்கு வர அதுவும் ஒரு காரணம். ஆனால் ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு ரப்பர் வேண்டும். அந்த ரப்பர் கருகினால் பாடியே பேச ஆரம்பித்துவிடும்.

ஆகவே ஷாக் அப்சார்பரைக் குறை சொல்வதற்கு முன்னால் பாடியைப் பாருங்கள். மட்கார்டுகளோடு சேர்ந்து முன்பக்கமாகக் கவிழ்கிற அந்தப் பெரிய பானட் உட்காருவதற்கென்று ரப்பர்க் கூம்புகள் இருக்கின்றன. அவை தேய்ந்தால், ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று அடிக்கிறபோது பானட் முழுவதும் அதிரும். ஓட்டுகிறவர் முன் சக்கரமே கழல்கிறது என்று பயந்துவிடுவார். சேஸிஸுக்கும் பாடிக்கும் நடுவில் உள்ள திண்டுகளும் அப்படித்தான். எங்கள் மாவட்டத்தில் ரப்பர்ச் சாமான் செய்கிற சின்னப் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. பழைய திண்டு ஒன்றை மாதிரிக்குக் கொடுத்து அதே கனத்தில் வார்த்து வாங்கிக்கொண்டேன். அதை மாட்டியதும் பாதிச் சத்தம் அடங்கியது.

மீதிப் பாதிக்குத்தான் மெக்கானிக் வேண்டும். வடசேரிப் பக்கம் ஒரு அண்ணாச்சி, ஹெரால்டு காலத்திலிருந்து தொழிலில் இருக்கிறவர். வண்டியை நிறுத்தியதும் அவர் சொன்னது இது: "தம்பி, சத்தம் கேக்குத எடம் ஒண்ணு, பொறக்குத எடம் வேற ஒண்ணு, கேட்டியளா. மொதல்ல பொறந்த எடத்தப் பாப்போம்." இரும்புக் கூடு சத்தத்தை எங்கெங்கோ கொண்டுபோய்விடும். காதை மட்டும் நம்பிச் சாமான் வாங்கினால் காசுதான் கரையும்.

அவர் செய்கிற சோதனை எந்தக் காருக்கும் பொருந்தும் என்பதால் விரிவாகவே சொல்கிறேன். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுகிறார். ஆட்டம் இருந்தால் பேரிங்கில் இருக்கலாம், பால் ஜாயிண்டில் இருக்கலாம், கீழே உள்ள ட்ரனியனிலும் இருக்கலாம். உடனே என்னை பிரேக்கை மிதிக்கச் சொல்கிறார். மிதித்ததும் ஆட்டம் நின்றால் கோளாறு பேரிங்கில், நிற்காவிட்டால் ஜாயிண்டிலோ ட்ரனியனிலோ. பிறகு இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டுகிறார். அந்த ஆட்டம் ஸ்டியரிங் கம்பிகளைச் சேர்ந்தது. கடைசியாக வண்டியைத் தரையில் இறக்கி, ஒருவர் பாடியைக் குலுக்க, இவர் ஒவ்வொரு மூட்டின் மேலும் கை வைத்துப் பார்க்கிறார். தளர்ந்த மூட்டின் தட்டு விரலுக்குத் தெரிந்துவிடும். இத்தனைக்கும் ஒரு ஜாக்கியும் உதவிக்கு ஒரு ஆளும் போதும்.

ட்ரனியன் என்றேன். ஹெரால்டிலும் ஸ்பிட்ஃபயரிலும் உயிரைக் காப்பதும் வாங்குவதும் அதுதான். முன் சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் துண்டின் கீழ் முனையில் போல்ட் போல மரை வெட்டியிருக்கும். அது ஒரு பித்தளைக் கட்டைக்குள் இறங்கி நிற்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரைதான் கட்டைக்குள் சுற்றுகிறது. இதற்குக் கம்பெனி சொன்னது கியர் ஆயில். ஆனால் நிப்பிளைக் கண்டவுடன் கிரீஸ் கன்னை எடுப்பது பட்டறைப் பழக்கமாகிவிட்டது. கிரீஸ் உள்ளே இறுகி, எண்ணெய் போக வழியில்லாமல் அடைத்துக்கொள்ளும். மரை காய்ந்து, தண்ணீர் ஏறித் துருப்பிடிக்கும். ஒருநாள் அந்தத் துண்டு முறிந்து, சக்கரம் அப்படியே மடங்கிவிடும். குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி என்று உப்புக்காற்று வீசுகிற கரையோரத்தில் வண்டி நிற்கிறதென்றால் இந்த ஆபத்து கூடுதல். இன்னொன்று, இடது வலது ட்ரனியன்களின் மரைகள் எதிரெதிர் திசையில் வெட்டப்பட்டவை. கழற்றும்போதே அடையாளம் இட்டு வைக்க வேண்டும்.

இனி என் மனசுக்கு நெருக்கமான பகுதி, புஷ். குலசேகரத்துக்கு அந்தப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் ரப்பர் உண்டு. விடியுமுன் பால் வெட்டி, ஆசிட் விட்டு உறைய வைத்து, உருளையில் கொடுத்து ஷீட் அடித்து, புகைப்புரையில் தொங்கவிடுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். கீரிப்பாறைப் பக்கம் போனால் அரசு ரப்பர் கழகத்தின் தோட்டங்கள். 1984இல் தொடங்கிய அந்தக் கழகத்துக்குத் தலைமையிடம் நாகர்கோவில்தான். இந்த ஷீட்டோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் ரப்பர் உறுதிப்படும் என்று 1839இல் சார்லஸ் குட்இயர் கண்டுபிடித்தார். அப்படிப் பதப்பட்ட இயற்கை ரப்பர்தான் காரின் சக்கரங்களைத் தாங்கும் ஒவ்வொரு கைக்கும் சேஸிஸுக்கும் நடுவில், இரண்டு இரும்புக் குழாய்களுக்கு இடையில் புஷ்ஷாக உட்கார்ந்திருக்கிறது. லட்சக்கணக்கான தடவை முறுக்கினாலும் அது திரும்பித் தன் நிலைக்கு வரும். அந்தக் குணத்துக்கு ஈடு கொடுக்கிற பொருள் அபூர்வம். அதன் பகைவர்கள் இரண்டு. ஒன்று எண்ணெய், இயற்கை ரப்பர் எண்ணெய் குடித்தால் ஊதிப் பொதுபொதுவென்று ஆகிவிடும். மற்றது காற்றிலுள்ள ஓசோன். அது மேல்தோலில் வெடிப்பு விடும். என்ஜின் ஆயில் கசிவை வைத்துக்கொண்டு புஷ் மாற்றுவது வீண் செலவு. கசிவை முதலில் அடையுங்கள்.

புது புஷ் மாட்டினோம், கொஞ்ச நாளிலேயே கிழிந்துவிட்டது என்று புலம்புகிறவர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். பெரும்பாலும் புஷ் மேல் தப்பில்லை. வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே போல்ட்டை முழுசாக முடுக்கியிருப்பார்கள். புஷ் வழுக்கிச் சுற்றுவதில்லை, முறுக்கித்தான் வேலை செய்கிறது. தொங்குகிற நிலையில் அதைப் பூட்டிவிட்டால், வண்டி தரையில் இறங்கியதுமே அது முறுக்கேறி நிற்கும். சும்மா நிற்கும்போதே வலியில் இருக்கிற ரப்பர் பள்ளத்தில் விழும்போது கிழியாமல் என்ன செய்யும்? போல்ட்டுகளைக் கையால் மட்டும் திருகி வைத்து, நாலு சக்கரமும் தரையில் ஊன்றிய பிறகு, ஆள் உட்காரும் எடையையும் ஏற்றிவிட்டுக் கடைசி முடுக்கு கொடுக்க வேண்டும். மாருதியோ ஹூண்டாயோ, ரப்பர் புஷ் உள்ள எந்தக் காருக்கும் இதே விதிதான்.

ரப்பருக்குப் பதில் பாலியூரித்தேன் புஷ் போடச் சொல்கிறவர்கள் உண்டு. அது கெட்டி, எண்ணெய்க்கு அஞ்சாது, வளைவில் வண்டி இறுக்கமாக நிற்கும். பந்தயத் தளத்துக்கு அது சரி. மார்த்தாண்டம் பக்கத்துச் சாலையில், தோண்டிப் போட்ட பள்ளங்களில், அது ஒவ்வொரு கல்லையும் முதுகெலும்பில் எழுதிவிடும். மாட்டும்போது பூசிய சிலிகான் கிரீஸ் காய்ந்தால் கிரீச்சிடவும் செய்யும். சாலையில் ஓடுகிற வண்டிக்கு ரப்பர்தான் என்பது என் தீர்மானம்.

ஷாக் அப்சார்பரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஸ்பிரிங்தான் எடையைத் தாங்குகிறது. ஷாக் அதன் துள்ளலை அடக்குகிறது. சிரிஞ்சின் முனை வழியே மருந்து ஏறுவது போல உள்ளே எண்ணெய் சின்ன துவாரங்களில் நெருக்கிப் பாய்ந்து, துள்ளலைச் சூடாக மாற்றிவிடுகிறது. வண்டியின் மூலையை அழுத்தி விட்டுப்பாருங்கள். ஒரே எழும்பலில் நின்றால் நல்லது. இரண்டு மூன்று முறை ஆடினால் ஷாக் போய்விட்டது. மாற்றும்போது இடமும் வலமும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்று புதிது, ஒன்று பழையது என்றால் பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

பின்பக்கம்தான் ஹெரால்டின் பெருமையும் பலவீனமும். டிஃபரன்ஷியலுக்கு மேலே குறுக்காக ஒரே ஒரு லீஃப் ஸ்பிரிங். அதன் இரு முனைகளில் சக்கரங்கள். அச்சு இரண்டு பாதியாகப் பிரிந்து தனித்தனியே மேலும் கீழும் ஆடும். சுகமான சவாரிதான். ஆனால் பேச்சிப்பாறைக்குப் போகிற வளைவுகளில் வேகமாக நுழைந்துவிட்டு, நடுவில் சட்டென்று ஆக்ஸிலரேட்டரை விட்டால், பின்பாகம் எழும்பி வெளிச்சக்கரம் உள்ளே மடங்கும், பிடி போய்விடும். இதே வகை அச்சு கொண்ட அமெரிக்க ஷெவர்லே கார்வேர் காரைக் கண்டித்துத்தான் ரால்ஃப் நாடர் 1965இல் கார்ப் பாதுகாப்பைப் பற்றிய தன் புத்தகத்தின் முதல் அத்தியாயத்தை எழுதினார். ட்ரயம்ப் கம்பெனியும் 1970இல் வந்த ஸ்பிட்ஃபயர் மார்க் 4இல் ஸ்பிரிங்கைத் திருத்தியது. சென்னையில் 1972இல் ஹெரால்டுக்குப் பின் வந்த கெஸலில் இந்த ஆடும் அச்சையே எடுத்துவிட்டார்கள். ஹெரால்ட் ஓட்டுகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள், வளைவுக்குள் மெல்ல ஆக்ஸிலரேட்டரில் கால் வைத்திருங்கள்.

பின்னால் 'டக்' என்ற சத்தம் கிளச்சை விடும்போது கேட்டால், அச்சின் யுனிவர்சல் ஜாயிண்டைப் பாருங்கள். பள்ளத்தில் கேட்டால் சக்கரத்தருகே உள்ள நைலான் புஷ்களையும், ரேடியஸ் கைகளின் ரப்பரையும் பாருங்கள். பின் சக்கரங்களின் தலை உள்ளே சாய்ந்து, டயரின் உள் ஓரம் மட்டும் தேய்ந்தால், ஸ்பிரிங் அமர்ந்துவிட்டது என்று பொருள். இத்தனையும் முடித்த பிறகே வீல் அலைன்மெண்டுக்குப் போக வேண்டும். தளர்ந்த மூட்டை வைத்துக்கொண்டு அலைன்மெண்ட் பார்ப்பது அடுத்த பள்ளம் வரைக்கும்தான் நிற்கும்.

சாமான் கிடைக்குமா என்று கேட்பவர்களுக்கு: ஸ்பிட்ஃபயர் 1980 வரை உற்பத்தியானதால் பிரிட்டனில் அதன் ஆர்வலர்கள் ஏராளம். ட்ரனியன், பால் ஜாயிண்ட், புஷ் எல்லாம் அங்கே இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். முன்பக்கத்துப் பெரும்பாலான சாமான் ஹெரால்டுக்கும் பொருந்தும். சுங்கமும் அனுப்புக் கூலியும் சேர்ந்து விலை ஏறும். ஆனாலும் தேவைப்படுவது சின்னச் சின்னச் சாமான்கள்தான்.

உங்கள் தரவாட்டுக் கொட்டகையிலோ சொந்தக்காரர் வீட்டுப் பின்னாலோ ஒரு ஹெரால்டோ கெஸலோ நிற்கிறதென்றால், ஆக்கர் கடைக்காரரைக் கூப்பிடுமுன் ஒரு நல்ல மெக்கானிக்கை அழைத்துவந்து காட்டுங்கள். ஓடுகிற நிலையில் இருந்தால், இடவப்பாதி மழைக்கு முன் இரண்டு ட்ரனியன்களிலும் கியர் ஆயில் ஏற்றிவிடுங்கள். கிரீஸ் வேண்டாம்.