முழங்கால் நோயும் புதிய ஊசியும்

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி 1998-ஆம் வருஷம் ஆரம்பமாயிற்று. அக்காலத்தில் அவ்வட்டாரத்துக்கு வாலிபராய் வேலைக்கு வந்தவர்கள் இன்று ஐம்பது வயதை எட்டுகின்றனர். முழங்கால் தேய்வு தலைகாட்டும் வயது அது. மண்டியிட்டும் பளுத் தூக்கியும் செய்யும் தொழில் அந்நோய்க்கு இடங்கொடுக்கும் என்பது வைத்தியர் கண்ட உண்மை.

குருத்தெலும்பில் நரம்புமில்லை, இரத்தக் குழாயுமில்லை. ஆதலின் தேய்வு தொடங்குவது தெரிவதில்லை. தேய்ந்தது எளிதில் வளர்வதுமில்லை. எக்ஸ்ரே படமோ காலங்கடந்தே காட்டுகிறது.

இங்கேதான் எக்ஸோஸோம் பயன்படக்கூடும். 1983-ல் கண்டறியப்பட்ட இந்நுண்பைகள், ஓர் ஜீவ அணுவின் செய்தியை மற்றோர் அணுவுக்குச் சுமந்து செல்பவை. மூட்டு நீரிலுள்ள பைகளைச் சோதித்து நோயை முன்னரே அறியலாம். மூல அணுக்களின் பைகளைச் செலுத்தித் தேய்வைத் தணிக்கலாம் என்பது நிபுணர் நம்பிக்கை. பிராணிகளிடம் நற்பலன் கண்டதுண்டு; மனிதரிடம் பரீட்சை ஆரம்ப நிலையிலேயே இருக்கிறது.

2022-ல் நம் நாட்டில் அநுமதி பெற்ற ஸ்டெம்ப்யூசெல், மூல அணு மருந்தேயன்றி எக்ஸோஸோம் அன்று. அமெரிக்க மருந்து இலாகா 2019-லேயே எக்ஸோஸோம் சரக்குகளைக் குறித்து ஜனங்களை எச்சரித்தது.

ஆராய்ச்சி ஓங்குக. ஆனால், ருசுவாகாத ஊசிக்குத் தொழிலாளியின் சேமிப்பு இரையாகலாகாது. அதைத் தடுப்பது சர்க்காரின் கடமை. மண்டியிடாமலே வேலை செய்ய வசதி அமைப்பது முதலாளிகளின் கடமை.